குதிரைமசால்

டார்ட்டுவில் நவம்பர்.
மாலை நான்கு மணிக்கே இருட்டு
கடன்காரனைப் போல வந்து உட்கார்ந்துவிடும்.
இந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு:
இருளில் நடப்பவர் எவரும்
மேலங்கியில் ஓர் ஒளிவில்லையை
நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும்.
அது தானாக ஒளிராது.
காரின் விளக்கு பட்டால்தான்
இதோ ஒருத்தி என்று சொல்லும்.
என்னுடையது முள்ளெலி வடிவம்.
ஒரு கால் உடைந்தது.

என் பெயர் ஊர்வே. வேலை அடித்தளத்தில்,
சுண்டெலிகளைப் பார்த்துக்கொள்வது.
நானூற்றுப் பன்னிரண்டின் வயிற்றிலும் மார்பிலும்
களிம்பு தடவி முடியை வழித்தேன்.
முடியும் ஒளிருமாம், படத்தைக் கெடுக்குமாம்.
மூக்குக்கு மயக்க வாயுக் கூம்பு.
கண் வறளாமலிருக்க ஒரு பொட்டு மருந்து.
இளஞ்சூட்டுத் தட்டில் அது மல்லாந்து கிடக்கையில்
நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவேன்.
எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.
சொல்லாவிட்டாலும் எண்ணுவேன்.

ஐந்து வாரம் முன்பு
அதன் காம்பருகே செலுத்தியிருந்தோம்
மனிதப் புற்றுச்செல்கள், ஊசிமுனைத் துளி.
ஒவ்வொன்றுக்குள்ளும்
கடலுயிர் ஒன்றிடம் பெற்ற புரதம்:
ஆரஞ்சு ஒளி கொடுத்தால்
சிவப்பைத் திருப்பித் தரும்.
பிளந்து பெருகும்போதெல்லாம்
பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்தே அனுப்பும்.
போன இடமெல்லாம் காட்டிக்கொடுக்கும் சீதனம்.

தாவெட் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார்.
திரையில் முதலில் கட்டி. எதிர்பார்த்ததுதான்.
பிறகு வயிறு.
வயிறு முழுக்கச் சிவப்பு
சுருண்டு சுருண்டு, போக்கிடம் தெரியாத ஆறு மாதிரி.
"இவ்வளவு சீக்கிரமாகவா!"
அவர் குரலில் மகிழ்ச்சி இருந்தது.
அதைக் குறித்துக்கொண்டேன், ஏட்டில் அல்ல.

நானூற்றுப் பதின்மூன்றுக்கும் அதே வயிறு.
பதினான்குக்கும்.
ஊசியே போடாத இருபதுக்கும்.

அப்போதுதான் பொறி தட்டியது.
தீனி மூட்டையைப் புரட்டிப் படித்தேன்:
கோதுமை, சோளம், மீன்தூள், குதிரைமசால்.
காய்ந்து பொடியாகி உருண்டையான பிறகும்
இலைப்பச்சை குணத்தை விடவில்லை.
ஒளி பட்டதும் குடலுக்குள்ளிருந்து
சிவக்கச் சிரித்திருக்கிறது.
ஏதோ ஒரு வயலின் ஜூன் மாதத்துக்கு
நாங்கள் பரவல் என்று பெயரிட்டிருக்கிறோம்.

தாவெட் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.
மூன்று மாதப் படங்கள்.
நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

மசால் இல்லாத வெளிறிய தீனி வந்தது.
எலிகளுக்குப் பிடிக்கவில்லை.
மோந்துவிட்டு மூலைக்குத் தள்ளின,
பிறகு வேறு வழியின்றித் தின்றன.
பதினோராம் நாள் மறுபடி
கூம்பு, தட்டு, இருட்டு.
வயிறு கறுத்திருந்தது. துடைத்துவிட்ட கறுப்பு.
அப்பாடா என்று வாய்வரை வந்தது.

"பொறு," என்றார் தாவெட்.

வலது நுரையீரலின் ஓரம்.
பாதிக் கடுகு.
மூச்சோடு சேர்ந்து அதுவும்
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
இத்தனை நாள் வயிற்றின் வெளிச்சத்தில்
எங்கள் கண்ணுக்குத் தப்பியது.
இம்முறை குரலில் மகிழ்ச்சி இல்லை.
அதையும் குறித்துக்கொண்டேன்.

மயக்கம் தெளிந்து நானூற்றுப் பன்னிரண்டு
மீசையைக் கோதிக்கொண்டது.
அதற்குத் தெரியாது. அல்லது
எங்களுக்கு முன்பே தெரியும்.
வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.
வெட்டிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.
என் கைதான் செய்யும்.

வெளியே ஆற்றுப் பாலத்தில் தூறல்.
எதிர்க்கரையில் ஆட்களே இல்லை,
பேருந்து திரும்பும்போது மட்டும்
இங்கொன்றும் அங்கொன்றுமாய்ப் புள்ளிகள்
தோன்றி, நடந்து, அணைந்தன.
என் மேலங்கியைத் தடவிப் பார்த்தேன்.
நூல் மட்டும் இருந்தது.

திரும்பிப் போனேன்,
முள்ளெலியைத் தேடித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
தூக்கிப் போடச் சொன்ன பழைய மூட்டை
கதவோரம் இன்னும் கிடந்தது.
நானூற்றுப் பன்னிரண்டுக்கு இனிப் படம் இல்லை.
ஒரு பிடி அள்ளிப் போட்டேன்.
விளக்குப் போடாமல் நின்றேன்,
அது கடிக்கும் சத்தம் கேட்கும் வரை.